அலை சொல்லாதது – 17: முதல் ஆடி வெள்ளியில் போன விமானம்

140 கடல் மைல் என்றால் எத்தனை கிலோமீட்டர்? ஒரு கடல் மைலுக்கு 1.852 கிலோமீட்டர், பெருக்கினால் 259 வரும். ஆனால் 2024 ஜனவரி 12 அன்று பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட செய்திக்குறிப்பு, சென்னைக் கரையிலிருந்து 140 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 310 கிலோமீட்டர் தொலைவில், கடல்தரையில் ஒரு விமானத்தின் சிதைவுகள் தென்பட்டிருப்பதாகச் சொன்னது. ஐம்பது கிலோமீட்டர் உபரி. யாரோ ஒருவர் அவசரத்தில் போட்ட தப்புக் கணக்காகத்தான் இருக்க வேண்டும்.

எண்ணூர் நெட்டுக்குப்பத்தில், கரையேற்றிய ஃபைபர் படகின் நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவருக்கு அது தப்புக் கணக்காகப் படவில்லை.

"எங்க ஊட்டுப் பசங்க ஜிபிஎஸ் வெச்சிக்கினு கடலுக்குப் போறானுங்க தம்பி. மைலு எவ்ளோ, கிலோமீட்டர் எவ்ளோன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவானுங்க. கவர்மெண்டுக்குத் தெரியாதா? வேணும்னே எடத்த மாத்திச் சொல்றாங்க."

எதற்காக மாற்ற வேண்டும் என்று கேட்டேன். பிளேன் அங்கே விழவேயில்லை என்றார். பின்னே எங்கே என்றதற்கு, வலையிலிருந்து தலையை எடுக்காமல் கிழக்குப் பக்கமாக மோவாயை ஆட்டினார். கிழக்கே அந்தமான் இருக்கிறது, மியான்மர் இருக்கிறது, அதற்கப்பால் சீனம் இருக்கிறது. எதுவாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தத் தொடரில் இதுவரை பார்த்த கடல் புதிர்களில் பல, நம் பாட்டன் காலத்தவை. இந்த வாரத்துப் புதிரோ நம் கண்ணெதிரே பிறந்தது. பிறந்த தேதியும் நேரமும் நிமிடச் சுத்தமாகத் தெரியும்.

2016 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. அந்த ஆண்டின் முதல் ஆடி வெள்ளி. வடசென்னை அம்மன் கோயில்களில் கூழ் கொப்பரைகள் அடுப்பேறியிருந்த காலை நேரத்தில், 8.30 மணிக்கு, தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து கே-2743 என்ற எண் கொண்ட ஏஎன்-32 ரகப் போக்குவரத்து விமானம் போர்ட் பிளேருக்குப் புறப்பட்டது. தீவுக்கு ஆளும் பொருளும் கொண்டுபோகும் வழக்கமான பயணம். உள்ளே 29 பேர். விமானிகள் உள்ளிட்ட ஊழியர் 6 பேர். மற்றவர்கள் விமானப்படை, தரைப்படை, கடற்படை, கடலோரக் காவல்படையைச் சேர்ந்தவர்கள். அவர்களோடு விசாகப்பட்டினத்துக் கடற்படை ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்த சீருடை அணியாத ஊழியர்கள் 8 பேர். நண்பகலுக்கு முன்பே தரையிறங்கியிருக்க வேண்டும்.

9.12 மணிக்கு, சென்னைக்குக் கிழக்கே 151 கடல் மைல் தொலைவில், 23,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த விமானம் இடப்பக்கமாகத் திரும்பியது. திரும்பியபடியே வேகமாக உயரம் இழந்தது. அதன்பின் ரேடார் திரையில் இல்லை. அபாயக் குரல் எதுவும் வரவில்லை. மழைமேகங்களைத் தவிர்க்க விமானி கொஞ்சம் விலகிப் பறக்க அனுமதி கேட்டிருந்தார் என்பது மட்டும் பிறகு தெரியவந்தது.

'ரேடாரிலிருந்து மறைந்தது' என்ற இந்தச் சொற்றொடர்தான் முக்கால்வாசி வதந்திக்கு விதை. ஏதோ மந்திரவாதி கைக்குட்டையை உதறியதும் புறா காணாமல் போவது போல ஒரு சித்திரம் மனதில் எழுகிறது. உண்மையில் நடப்பது என்ன என்பதை நெட்டுக்குப்பத்துப் பெரியவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எண்ணூர்க் கரையிலிருந்து தொழிலுக்குப் போகிறவர்களுக்கு அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் கரையடையாளம். படகு கிழக்கே போகப் போக, முதலில் கரையோரத்துக் கூரைகள் முழுகும், பிறகு பனைமரங்கள் முழுகும், கடைசியில் புகைபோக்கியின் உச்சி மட்டும் ஒரு குச்சி போல நிற்கும், அதுவும் ஒரு கட்டத்தில் தண்ணீருக்குள் இறங்கிவிடும். உலகம் உருண்டை என்பதை அவர்கள் தினமும் கண்ணால் பார்க்கிறார்கள். ரேடாருக்கும் அதே கதிதான். அதன் அலை நேர்கோட்டில் போகிறது. பூமியோ வளைந்து கீழே இறங்குகிறது. 151 கடல் மைலுக்கு அப்பால் உள்ள ஒரு பொருள் கரையிலிருக்கும் ரேடாருக்குத் தெரிய வேண்டுமானால், என் கணக்கில், அது ஏறத்தாழ 15,000 அடிக்கு மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கிய எதுவும் அடிவானத்துக்குக் கீழே முழுகிய புகைபோக்கிதான். அன்று விமானம் காற்றில் கரையவில்லை. வளைவுக்குக் கீழே விழுந்தது.

இதைப் பெரியவரிடம் சொன்னபோது ஒரு நிமிடம் வலையை மடியில் வைத்தார். "அது சரிதான். ஆனா மெதக்கறது எதுனா மெதந்திருக்கணுமே?" என்றார்.

நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்கு வருவதற்குள், அந்த வாரங்களில் வேறு என்னென்ன மிதந்தன என்று பார்த்துவிடலாம்.

முதலில் மிதந்தது கைபேசி. காணாமல் போனவர்களில் ஒருவரின் எண்ணை அழைத்தபோது மணி அடித்தது என்று அவர் குடும்பத்தார் சொன்னதாகச் சில நாள்களில் பத்திரிகைகளில் செய்தி வந்தது. மணி அடிக்கிறதென்றால் போன் தண்ணீரில் இல்லை. போன் தண்ணீரில் இல்லையென்றால் மனிதரும் இல்லை. இந்தத் தர்க்கத்தை யார் குறை சொல்ல முடியும்? இரண்டாண்டுகளுக்கு முன், 2014 மார்ச் 8 அன்று 239 பேரோடு காணாமல் போன மலேசிய விமானம் எம்எச்370 விஷயத்திலும் சொந்தக்காரர்கள் இதையேதான் சொன்னார்கள். அழைப்பவர் காதில் விழும் மணியோசை மறுமுனைப் போனிலிருந்து வருவதில்லை. அந்தப் போன் எங்கே என்று வலையமைப்பு தேடிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே அழைத்தவருக்கு அந்த ஓசையைக் கொடுத்துவிடும் சாத்தியம் உண்டு என்று தொலைத்தொடர்பு வல்லுநர்கள் அப்போதே விளக்கினார்கள். விளக்கம் சரிதான். ஆனால் நள்ளிரவில் மகனுடைய எண்ணை அழுத்திவிட்டு, காதில் மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாயிடம் அந்த விளக்கத்தை எந்த வாயால் சொல்வது?

அடுத்தது கடத்தல் கதை. விமானத்தை யாரோ திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். இடப்பக்கம் ஏன் திரும்பியது? இடப்பக்கம் என்றால் வடக்கு. வடக்கே போனால் பர்மாக் கரை. அங்கே சீனர்கள் இருக்கிறார்கள். விசாகப்பட்டினத்து ஆயுதக் கிடங்கு ஊழியர்கள் எட்டுப் பேர் உள்ளே இருந்தது தற்செயலா? ஒவ்வொரு உண்மைத் தகவலையும் எடுத்து, அடுத்ததோடு தைக்க ஓர் ஊகத்தை நூலாகப் போட்டால், முழு நீளத்துக்கு ஒரு கதைச் சட்டை தைத்துவிடலாம். எம்எச்370-க்கு டியகோ கார்சியா தீவின் அமெரிக்கத் தளம் என்றால், இதற்குச் சீனம். அவரவர் பகைக்கு ஏற்ற தீவு.

இன்னொன்று, வங்கக் கடலிலும் ஒரு பெர்முடா முக்கோணம் இருக்கிறது என்பது. பெர்முடா கதையே எப்படி உருவானது என்று பார்த்தால் இந்த வகைக் கதைகளின் சூட்சுமம் பிடிபடும். 1945 டிசம்பர் 5 அன்று புளோரிடாவிலிருந்து பயிற்சிக்குப் புறப்பட்ட ஐந்து அமெரிக்கக் கடற்படை விமானங்கள் திரும்பவில்லை. அது நடந்த உண்மை. ஆனால் 'பெர்முடா முக்கோணம்' என்ற பெயர் 1964-இல், வின்சென்ட் காடிஸ் என்பவர் ஒரு பத்திரிகையில் எழுதிய கட்டுரையில்தான் வந்தது. சம்பவத்துக்கும் பெயருக்கும் இடையே 19 ஆண்டுகள். 1974-இல் சார்லஸ் பெர்லிட்ஸ் அதைப் புத்தகமாக்கி உலகமெங்கும் விற்றார். மறு ஆண்டே லாரி குஷே என்ற அரிசோனா நூலகர், பெர்லிட்ஸ் வகையறாக்கள் பட்டியலிட்ட ஒவ்வொரு கப்பலையும் பழைய செய்தித்தாள்களிலும் வானிலைப் பதிவுகளிலும் தேடிப்போனார். 'அமைதியான கடலில் மாயமானது' என்று எழுதப்பட்டிருந்தவை பல, புயலில் போனவை. சில, அந்தப் பகுதியிலேயே போகாதவை. குஷேயின் புத்தகத்தை எத்தனை பேர் படித்தார்கள்? தமிழ் வார இதழ்களில் பெர்முடா பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்து வளர்ந்த தலைமுறை நான். குஷேயின் பெயரை நாற்பது வயதுக்கு மேல்தான் கேள்விப்பட்டேன்.

சதிக்கதைக்காரர்கள் கண்ணில் படாமல் போன ஒரு பொருத்தத்தை நான் இலவசமாகத் தருகிறேன். ஏஎன்-32 காணாமல் போன அதே 2016 ஜூலை 22 அன்று, மலேசியாவின் புத்ராஜெயாவில் மலேசிய, ஆஸ்திரேலிய, சீன அமைச்சர்கள் கூடி, குறித்த பரப்பைத் தேடி முடித்ததும் எம்எச்370 தேடலை நிறுத்திவைப்போம் என்று அறிவித்தார்கள். ஒரு விமானத்தைத் தேடுவதை விடப்போகிறோம் என்று சொன்ன நாளில் இன்னொரு விமானம் போயிற்று. இதற்கு என்ன அர்த்தம்? ஒன்றுமில்லை. ஆண்டுக்கு 365 நாள்தான் இருக்கிறது, சம்பவங்களோ அதைவிட ஏராளம். ஆனால் இந்த இரண்டு வரியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டால், அடுத்த ஆடிக்குள் எனக்கே திரும்பி வந்து சேரும்.

மிதக்கிறது மிதந்திருக்க வேண்டாமா என்று பெரியவர் கேட்டதற்குப் பதில், அவருடைய சொல்லிலேயே இருக்கிறது. ஆடி மாதத்தில் வடசென்னைக் கரையில் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே. அதைத் 'தெண்டி' என்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் திசை மாறி வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் அது 'வண்ணி'. ஆடியில் காற்றும் மேற்கிலிருந்து. கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்று. கரைக்கு 280 கிலோமீட்டர் கிழக்கே ஓர் இருக்கைத் துண்டு மிதந்திருந்தால் அது எண்ணூருக்கோ காசிமேட்டுக்கோ வந்து ஒதுங்கியிருக்காது. வடகிழக்கே, அகண்ட கடலுக்குத்தான் போயிருக்கும். இதைச் சொன்னதும் பெரியவர், "ஆமா, ஆடியில போனது கரைக்கு வராது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தச் சொல்லில் விமானத்தைவிடப் பழைய விஷயம் ஏதோ இருந்தது. நான் கேட்கவில்லை.

தேடாமல் இல்லை. மறுநாளே பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் வந்து, அரக்கோணம் கடற்படை விமானத் தளத்திலிருந்து தேடும் பகுதிக்கு மேலே பறந்தார். கடற்படை, கடலோரக் காவல்படைக் கப்பல்கள், நீர்மூழ்கி, விமானங்கள், இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்கள் எல்லாம் இறங்கின. அமெரிக்காவிடமும் செயற்கைக்கோள் தகவல் கேட்டோம் என்று பாரிக்கர் மாநிலங்களவையில் சொன்னார். நாசவேலைக்கு வாய்ப்பு மிகக் குறைவு என்றார். அதோடு நில்லாமல், இப்படித் திடீரென்று மறைந்தது தன்னையும் உறுத்துகிறது என்கிற பொருள்படப் பேசினார். மனம் திறந்த பேச்சு. ஆனால் அமைச்சரே உறுத்துகிறது என்றால் டீக்கடையில் உறுத்தாதா?

கிடைக்காததற்குக் காரணம் மூன்று அடுக்காக இருக்கிறது. விமானத்திலிருந்த அவசரக்கால ஒலிபரப்புக் கருவி வானொலி அலையில் பேசுவது. உப்புத் தண்ணீர் வானொலி அலையை விழுங்கிவிடும். தண்ணீருக்குள் கேட்பது ஒலி மட்டும். அதற்கென்றே ஒரு கருவி உண்டு. தண்ணீர் பட்டதும் விழித்துக்கொண்டு, மனிதக் காதுக்கு எட்டாத 37.5 கிலோஹெர்ட்ஸ் ஓசையில் சுமார் 30 நாள் 'டிக், டிக்' என்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கருவி இந்த விமானத்தில் இல்லை.

அது இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓராண்டுக்கு முந்தைய உதாரணமே இருந்தது. 2015 ஜூன் 8 மாலை சென்னையிலிருந்து கண்காணிப்புக்குப் புறப்பட்ட கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம், இரவு 9.23-க்குத் தொடர்பிழந்தது. மூன்று பேர். சிந்துத்வஜ் நீர்மூழ்கி அந்த 'டிக், டிக்' ஓசையைப் பிடித்தது. ரிலையன்ஸ் நிறுவனம் எண்ணெய்த் துரப்பணத்துக்காக வைத்திருந்த 'ஒலிம்பிக் கேன்யன்' கப்பல் வந்து, கடலூர்–பிச்சாவரம் கரைக்கு அப்பால், சுமார் 950 மீட்டர் ஆழத்திலிருந்து பறப்புப் பதிவுக் கருவியை எடுத்துவிட்டது. எல்லாம் ஒரு மாதச் சொச்சத்தில் முடிந்தது. அந்த ஒரு மாதத்திலும் வதந்திகள் கிளம்பத்தான் செய்தன. ஆனால் எலும்பும் கருவியும் கிடைத்தவுடன் அடங்கிப்போயின. இன்று அந்த டோர்னியரைப் பற்றிச் சதிக்கதை சொல்கிறவர் யாருமில்லை.

ஏஎன்-32 விழுந்த இடத்தின் ஆழம் 950 மீட்டர் அல்ல, 3,400. மூன்றாவது காரணம் இதுதான், மற்ற இரண்டையும்விடப் பெரியது. கிழக்குக் கடலை நாம் கரையிலிருந்து அகலமாகவே பார்த்துப் பழகியிருக்கிறோம். ஆழமாகப் பார்ப்பதில்லை. சென்னைக்கு எதிரே கடல்தரை சில பத்துக் கிலோமீட்டர் வரைதான் சரிவாகப் போகும். பிறகு செங்குத்தாக இறங்கி, கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து லட்சோபலட்சம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய சேற்றுப் படுகையில் போய் முடியும். உலகிலேயே மிகப் பெரிய கடலடி வண்டல் விசிறி அது. அந்த ஆழத்தில் நம் வளிமண்டல அழுத்தத்தைப் போல 340 மடங்கு அழுத்தம். வெளிச்சம் கிடையாது.

கப்பலிலிருந்து சோனார் ஒலியை அனுப்பித் தேடலாமே என்பீர்கள். தேடினார்கள். சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் 'சாகர் நிதி', இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் 'சமுத்திர ரத்னாகர்' இரண்டும் போயின. ஆனால் ஒரு பாகை அகலமுள்ள ஒலிக்கற்றையை மேலேயிருந்து அனுப்பினால், 3,400 மீட்டருக்குக் கீழே அது சுமார் 60 மீட்டர் அகலமான வட்டமாக விரிந்திருக்கும். அந்த வட்டம்தான் படத்தில் ஒரு புள்ளி. ஏஎன்-32-இன் நீளம் 24 மீட்டருக்கும் குறைவு. இறக்கை நுனிக்கு நுனி 29 மீட்டர். முழு விமானமே ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும், உடைந்த துண்டுகளைக் கேட்கவே வேண்டாம். மாடியிலிருந்து தெருவில் விழுந்த மூக்குத்தியைத் தேடுவது போல. தேடுகிறவர் கீழே இறங்கி வந்து, குனிந்து பார்க்க வேண்டும். 2016-இல் அப்படிக் குனிய ஆள் இல்லை.

செப்டம்பர் 15 அன்று, 29 பேரும் இறந்ததாகக் கருதப்படுகிறார்கள் என்று குடும்பங்களுக்குத் தெரிவித்தார்கள்.

நெட்டுக்குப்பத்துப் பெரியவர் ஏன் நம்பவில்லை என்பதற்கு இப்போது வருகிறேன். படிக்காதவர், வதந்திக்கு மயங்குகிறவர் என்று அவரைத் தள்ளிவிட்டால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிடலாம். அவர் அவநம்பிக்கைக்குத் தேதி இருக்கிறது. தேடல் கைவிடப்பட்டு நாலரை மாதம்கூட ஆகவில்லை. 2017 ஜனவரி 28 விடியற்காலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பிடபிள்யூ மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய்க் கசிவு போன்ற சுற்றுச்சூழல் பாதிப்பு எதுவும் இல்லை என்று துறைமுகத் தரப்பு முதலில் அறிவித்தது. மறுநாள் எர்ணாவூர்ப் பாறைகளில் தார் போலக் கருப்பு ஏறி நின்றது. ஆமைகள் செத்து ஒதுங்கின. இளைஞர்கள் வாளியால் எண்ணெய்ச் சேற்றை மொண்டு கொட்டிய படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாளிதான் அன்றைக்கு நம் தொழில்நுட்பம்.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தை மூடியது. எங்களிடமிருந்து கசிவில்லை என்ற மறுப்பு முதலில் வந்தது. மணலி சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வந்ததுதான் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிறகு சொன்னது. வலைகளும் படகுகளும் கருத்துக் கிடக்க, அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்துக்கு எதிரே கடலுக்குள் போகும் அம்மோனியாக் குழாயில் கசிவு. கோரமண்டல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து வரும் குழாய் அது. கடல் குமிழியிட்டுக் கொதிப்பது போலிருந்தது என்றார்கள். கண்ணும் தொண்டையும் எரிய, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள்.

இதற்குப் பதினேழு நாள் கழித்து, போகிக்கு இரண்டு நாள் முன்பு, டெல்லியிலிருந்து ஓர் அறிவிப்பு வருகிறது: ஏழரை ஆண்டுக்கு முன் காணாமல் போன விமானம் கிடைத்திருக்கலாம், 140 கடல் மைலில், அதாவது 310 கிலோமீட்டரில்.

"கரையில கண்ணு முன்னால ஓடற எண்ணெயவே இல்லன்னாங்க. கண்ணுக்குத் தெரியாத கடலடியில பிளேன் கெடக்குதுன்னா நம்பணுமா?" என்று அவர் கேட்டது, என் காதில் வதந்தியாக விழவில்லை. வழக்கில் பொய்ச் சாட்சி சொல்லிப் பிடிபட்டவரைக் குறுக்கு விசாரணை செய்வது போல விழுந்தது. சதிக்கதைகளை மூடநம்பிக்கை என்று எழுதுகிறவர்கள் இந்த ஒரு கணக்கை விட்டுவிடுகிறார்கள். மறுத்துப் பழகிய அமைப்பு உண்மையைச் சொல்லும் நாளிலும் கேட்கிறவன் பழைய மறுப்புகளை நினைத்துக்கொள்கிறான்.

ஆனால் இந்த முறை பெரியவர் பக்கம் தப்பு. சொல்லித்தான் ஆக வேண்டும்.

பள்ளிக்கரணையில் இருக்கும் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், 6,000 மீட்டர் வரை தானாகவே இறங்கித் தேடக்கூடிய ஆளில்லா நீரடி வாகனம் ஒன்றை வாங்கியிருந்தது. ஓஎம்இ-6000 என்று பெயர். ஆழ்கடல் தாதுக்களைத் தேடுவதற்கான வாகனம். அதை, கே-2743 கடைசியாகத் தெரிந்த இடத்தில் இறக்கினார்கள். அது கடல்தரைக்கு அருகில் மிதந்தபடி ஒலியால் படமெடுத்தது, நுட்பமான புகைப்படங்களும் எடுத்தது. மாடியிலிருந்து இறங்கிவந்து மூக்குத்தியைக் குனிந்து தேடிய ஆள் இதுதான். படங்கள் ஏஎன்-32 விமானத்தோடு ஒத்துப்போகின்றன, அப்பகுதியில் வேறு எந்த விமானமும் காணாமல் போனதாகப் பதிவில்லை, ஆகவே இது அதுவாக இருக்கலாம் என்று அறிவிப்பு சொன்னது. 'இருக்கலாம்' என்ற அந்தச் சொல்லையும் சந்தேகத்துக்குச் சாட்சியாகப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. எனக்கு அந்த முழு அறிவிப்பிலும் நம்பிக்கை தந்த சொல் அதுதான். பொய் சொல்கிறவர்கள் 'உறுதியாக' என்பார்கள்.

ரேடார் கடைசியாகப் பார்த்தது 151 கடல் மைலில். சிதைவு தென்பட்டது 140-இல். ஏழரை ஆண்டாகச் சீனத்துக்கும் பர்மாவுக்கும் ஆளில்லாத் தீவுகளுக்கும் நாம் ஓட்டிக்கொண்டுபோன விமானம், முதல் நாள் ரேடார் காட்டிய பக்கத்திலேயே கிடந்திருக்கிறது. அது போனது குறுக்கே அல்ல, கீழே.

சட்டத்தில் ஏழாண்டுக்கு ஒரு தனி இடம் உண்டு. ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லையென்றால் அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்பது 2024 வரை நடப்பிலிருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு. விமானத்தில் போனவர்களுக்கு எட்டு வாரத்தில் அந்த முடிவு கிடைத்தது. கட்டுமரத்திலும் படகிலும் போய்த் திரும்பாதவர்களின் மனைவிகள் அந்த ஏழு ஆண்டைக் காவல் நிலையத்துக்கும் மீன்வளத்துறை அலுவலகத்துக்கும் நடந்து கழித்தார்கள். 2017 ஒக்கிப் புயலில் குமரி மாவட்டத்து மீனவர்கள் நூற்றுக்கணக்கில் திரும்பாதபோதுதான், காணாமல் போனவர்களையும் இறந்தவர்களாகக் கொண்டு நிவாரணம் தர அரசு இறங்கிவந்தது. எம்எச்370-இல் போன ஐந்து இந்தியர்களில் ஒருவர், சென்னையிலிருந்து இயங்கும் பன்னாட்டு மீன்தொழிலாளர் ஆதரவு அமைப்பு ஒன்றின் நிர்வாகச் செயலாளர் என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். கடலில் காணாமல் போகிறவர்களின் குடும்பங்களை நன்கு அறிந்த ஒருவர், இன்னொரு கடலில் காணாமல் போனார்.

ஏஎன்-32 வரலாற்றில் இன்னொரு விமானம் பாக்கி இருக்கிறது. 1986 மார்ச் 25. சோவியத் ஒன்றியத்திலிருந்து புத்தம் புதிதாக இந்தியாவுக்கு ஓட்டிவரப்பட்ட கே-2729, ஓமானிலிருந்து ஜாம்நகருக்கு வரும் வழியில் அரபிக் கடலில் மறைந்தது. ஏழு பேர். ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. அதைப் பற்றி ஒரு சதிக்கதைகூட யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று கைபேசி இல்லை, மணி அடிக்கவில்லை.

கிளம்பும்போது பெரியவரிடம், 3,400 மீட்டர் என்றால் உங்கள் கணக்கில் எவ்வளவு என்றேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். விரித்த கையின் நீளம் ஒரு பாகம், ஆறடி. கயிறு அளப்பதும் ஆழம் சொல்வதும் அதில்தான். தான் வலை போட்டதில் அதிகபட்சம் முப்பது பாகம் என்றார். நான் கைபேசியில் கணக்குப் போட்டு, ஆயிரத்து எண்ணூற்று அறுபது பாகம் வருகிறது என்றேன்.

விரித்த கைகளை அவர் உடனே மடக்கவில்லை. காசிமேட்டில் இருக்கிற கயிறு முழுவதையும் முடிச்சுப் போட்டாலும் பத்தாது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"அவ்ளோ கீழயா," என்றார். "தனியாவா கெடந்தாங்க ஏழு வருசம்?"

(அடுத்த இதழில்: 1914 செப்டம்பர் 22 இரவு, சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டன் கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தாரா?)